ஒளி சொட்டும் மங்குகள்



பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு மங்கைப் பற்றி விளக்கம் தேவையில்லை. இன்று ஜொகூரில் பல தோட்டங்களில் செம்பனைதான் நிற்கிறது. இளையவர்கள் பலர் மங்கைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விடியுமுன் மரத்தை வெட்டுவோம். பால் கோட்டின் வழியே இறங்கி மங்கில் சொட்டும். வெயில் ஏறியதும் வாளியோடு நிரைநிரையாகப் போய்ப் பாலைச் சேர்த்து, ஸ்டோரில் கொண்டுபோய் நிறுப்போம்.

இப்போது ஒரு சிறு கற்பனை செய்து பாருங்கள். எல்லா மரத்துப் பாலையும் ஒரே வாளியில் கலக்காமல், ஒவ்வொரு மங்கையும் தனித்தனியே நிறுக்கிறோம். நிறுத்த எண்ணை, அந்த மரம் நிற்கும் இடத்தைப் பார்த்து, கட்டம் போட்ட ஒரு தாளில் எழுதுகிறோம். எண் பெரிதாக உள்ள கட்டத்தை வெள்ளையாக விட்டு, சிறிதாக உள்ள கட்டத்தைக் கறுப்பாகத் தீட்டுகிறோம். முடிவில் தாளில் என்ன இருக்கும்? காட்டின் படம் இருக்கும். எங்கே பால் மிகுதி, எங்கே குறைவு என்று ஒரே பார்வையில் தெரியும்.

உங்கள் கைப்பேசியின் காமிராவுக்குள் நடப்பது இதுதான். அங்கே காடு என்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கன் வில்லை. மரங்களுக்குப் பதில் கோடிக்கணக்கான நுண்ணிய குழிகள். பாலுக்குப் பதில், ஒளி விழும்போது சிலிக்கனில் விடுபடும் எலக்ட்ரான் என்னும் மின்துகள்கள். ஒளி மிகுந்த இடத்துக் குழியில் துகள் நிறையச் சேரும். இருண்ட இடத்தில் கொஞ்சமே சேரும். இந்த வில்லையை ஒளி உணரி என்கிறோம். ஒரு குழி கொடுப்பது படத்தில் ஒரு புள்ளி.

இந்த எண்ணம் பிறந்த நாளைக்கூடச் சொல்ல முடியும். 1969ஆம் ஆண்டு அக்டோபர் 17. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் ஒரு கரும்பலகையின் முன் நின்று ஒரு மணி நேரத்துக்குள் இதை வரைந்து முடித்தார்கள். அவர்கள் தேடியது காமிரா அன்று. கணினிக்கு ஒரு நினைவுச் சாதனம். சிலிக்கனின் மேற்பரப்பில் மின்துகள்களைச் சிறு சிறு குழிகளில் நிறுத்தி, குழியிலிருந்து பக்கத்துக் குழிக்கு நகர்த்திக்கொண்டே போகலாம் என்பது அவர்கள் கண்ட வழி. அதே கூடத்தில் இருந்த மைக்கேல் டாம்ப்செட் இதைப் படம் எடுக்கும் கருவியாக வளர்த்தார். 2009இல் பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டாம்ப்செட்டுக்கு அதில் பங்கில்லை. 2017இல் எலிசபெத் அரசியார் பெயரிலான பொறியியல் பரிசை ஸ்மித், டாம்ப்செட், ஜப்பானியரான தெரனிஷி, அமெரிக்கரான எரிக் ஃபோசம் ஆகிய நால்வருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். கணக்கு ஓரளவு நேரானது என்றே எனக்குப் படுகிறது.

அந்த முதல் வகை உணரிக்கு சிசிடி என்று பெயர். அதன் வேலையை நிரையை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு நிரைக்கு ஒரே ஒரு தராசு. அது நிரையின் கடைசியில் இருக்கிறது. மணி அடித்ததும் கடைசி மங்கின் பால் தராசுக்குப் போகும். அடுத்த கணம் மற்ற மங்குகளின் பால் அத்தனையும் ஒரு மரம் தள்ளி நகரும். மறுபடி மணி, மறுபடி நகர்வு. ஒரு சொட்டும் சிந்தக் கூடாது, பக்கத்துப் பாலோடு கலக்கவும் கூடாது. வேலை சுத்தமாக நடக்கும். ஆனால் நேரமும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகும்.

1975ஆம் ஆண்டின் இறுதியில் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன், இத்தகைய உணரி ஒன்றை வைத்து, பிலிம் இல்லாத காமிரா ஒன்றைச் செய்து முடித்தார். அதில் நூற்றுக்கு நூறு, ஆகப் பத்தாயிரம் குழிகள். எடை மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு படத்தைப் பாட்டுக் கேட்கும் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. கூடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணை அவர் படம் எடுத்தார். திரையில் கறுத்த கூந்தலும் வெள்ளைப் பின்னணியும் சரியாக வந்தன; முகம் மட்டும் புரியாத புள்ளிக் கூட்டமாக இருந்தது. மின்கம்பிகளின் வரிசை மாறியிருந்ததே காரணம். மாற்றிப் பொருத்தியதும் முகம் வந்தது. முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் எந்தக் கருவிக்கும் எளிது. இடைப்பட்ட நிறமான முகம்தான் கடினம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒளியின் அளவை உணரி எப்படிக் கட்டுப்படுத்துகிறது? மங்குக்கு ஒரு கொள்ளளவு உண்டு. நிரம்பிய பின் சொட்டுவது மண்ணில்தான் விழும். அரை மங்கு வழிந்ததோ ஐந்து மங்கு வழிந்ததோ, பிறகு வந்து நிறுப்பவருக்குத் தெரியாது. உணரியிலும் அப்படியே. குழி நிரம்பிவிட்டால் அந்தப் புள்ளி வெறும் வெள்ளை. சாதாரணப் படக்கோப்பில் வெள்ளைக்கு உரிய எண் 255. அதற்கு மேல் எண் கிடையாது. வழிந்த வெள்ளைக்குள் இருந்த மேகமோ, சேலைக் கரையோ, நெற்றித் திருநீறோ திரும்ப வராது. மாறாக, மங்கின் அடியில் இரண்டு சொட்டு மட்டுமே இருந்தால், நிறுப்பதில் வரும் சிறு தவறே பாலைவிடப் பெரிதாகிவிடும். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரிவது அதனால்தான். ஆக, நிரம்பி வழியவும் கூடாது, அடியோடு காய்ந்து கிடக்கவும் கூடாது.

பழைய காமிராவில் இதைச் சரிசெய்ய, கதவு போன்ற ஒரு தடுப்பு விநாடியின் சிறு பங்குக்குத் திறந்து மூடும். 1938இல் கோடாக் வெளியிட்ட ஒரு காமிராவில், ஒளி பட்டால் மின்சாரம் தரும் செலினியத் தகடு ஒன்று இருந்தது. அதன் உதவியால் ஒளி நுழையும் துளை தானே அளவாயிற்று. விலை மிகுதி, வாங்கியவர் குறைவு. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களிடம் இருந்த கருவி அவர்களுடைய கண்ணும் அனுபவமுமே. பிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை தவறு தெரியாது.

சிலிக்கன் உணரிக்குக் கதவு வேண்டியதில்லை. அது மங்கைக் கவிழ்க்கும் நேரத்தை மாற்றுகிறது. பால் சேர்க்கும் நேரம் பத்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் நன்றாகச் சொட்டுகிறது, மங்கு வழிந்துவிடும் என்று தெரிந்தால், ஒன்பதேமுக்காலுக்கு எல்லா மங்கையும் ஒருமுறை கவிழ்த்துக் காலியாக்கிவிடுவது. கடைசிக் கால் மணி நேரத்தில் சேர்ந்தது மட்டுமே கணக்கு. சொட்டு மெதுவாக விழும் நாளில் ஏழு மணிக்கே கவிழ்த்துவிட்டு மூன்று மணி நேரம் சேரவிடுவது. உணரி இதை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் செய்கிறது.

இன்னொரு வழியும் உண்டு: குறைவாகச் சேர்ந்ததை நிறுத்துவிட்டு, பத்தால் பெருக்கி எழுதிக்கொள்வது. படம் வெளிச்சமாகும், ஆனால் தராசின் பிழையும் பத்து மடங்காகும். (தோட்டத்துத் தராசில் பெருக்கலும் கழித்தலும் யாருக்குச் சாதகமாக நடந்தன என்பது வேறொரு நாள் பேச வேண்டிய விஷயம்.)

கவிழ்க்கும் நேரத்தை யார் முடிவு செய்வது? இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. அதன் ஒரு நுனி நம் ஜொகூரைத் தொடுகிறது. 1990ஆம் ஆண்டையொட்டி, ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் டென்யரும் அவருடைய குழுவினரும் ஒரே சில்லுக்குள் முழு வீடியோ காமிராவை அடக்கினார்கள். அவர்கள் கையாண்டது சிமாஸ் என்னும் சாதாரணச் சில்லு செய்யும் முறை. சிமாஸில் பால் நிரையின் கோடி வரை நகர வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே ஒவ்வொரு மங்கையும் அணுகி நிறுக்கலாம். அதே சில்லிலேயே ஒளியளவைத் தானாகச் சரிசெய்யும் சுற்றையும் சேர்த்தார்கள். படம் மொத்தத்தில் வெளுத்திருக்கிறதா, இருண்டிருக்கிறதா என்று சில்லே பார்க்கும்; வெளுத்திருந்தால் அடுத்த படத்துக்கு மங்கைச் சற்றுத் தாமதமாகக் கவிழ்க்கும், இருண்டிருந்தால் முன்னதாகக் கவிழ்க்கும். ஒரேயடியாக மாற்றினால் படம் வெளுப்பதும் இருள்வதுமாகத் துடிக்கும். எனவே சிறு சிறு படியாகத்தான் மாற்ற வேண்டும். ஊஞ்சலை நிறுத்துகிறவர் கையை மெல்ல வைப்பதுபோல. அதே காலத்தில் அமெரிக்க விண்வெளித் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் எரிக் ஃபோசம் சிமாஸ் உணரியைப் பெரிதும் செம்மையாக்கினார். ஒவ்வொரு மங்குக்கும் தனித் தராசு கொடுத்தால் ஒவ்வொரு தராசும் ஒவ்வொரு விதமாகப் பொய் சொல்லும். அதற்கு மருந்து, முதலில் வெறும் மங்கை நிறுத்துவிட்டு, பிறகு பாலோடு நிறுத்துக் கழிப்பது. நம் கடைக்காரர்கள் டின்னின் எடையைக் கழிக்கும் அதே கணக்கு.

டென்யர் தொடங்கிய நிறுவனத்தை 1990களின் இறுதியில் எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் வாங்கியது. அந்த நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை 1970களிலிருந்து நம் மூவாரில் இருக்கிறது. தோட்டங்களிலிருந்து நம் பெண்பிள்ளைகள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறத் தொடங்கிய காலமும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை நுண்ணோக்கியில் பார்த்து இணைத்த கைகள் பல, அதற்கு முன் மங்கு துடைத்த கைகள்.

இனி முகத்துக்கு வருவோம். ‘படம் மொத்தத்தில் வெளுத்திருக்கிறதா’ என்று சில்லு கேட்கிறது என்றேன். எதோடு ஒப்பிட்டு? படத்தின் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும் என்பது காமிரா உலகின் பழைய வழக்கம். அதற்கென்று, விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டைகள்கூட விற்றார்கள். இந்த வழக்கம் நம் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக் குழுப்படத்தில் பார்க்கிறேன். நாற்பது வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர், மேலே வெயில். காமிரா கணக்குப் போடுகிறது: வெளிச்சம் மிகுதி, குறை. குறைக்கிறது. சட்டை அழகான சாம்பல் வெள்ளையாக வருகிறது. அதற்கு மேல் இருக்கிற கறுத்த பிஞ்சு முகங்களில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகின்றன. ஒரு தாய் தன் மகனை நின்ற இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிகிறது. அது அந்தப் பிள்ளையின் நிறத்தின் குற்றமா? சராசரி எடுத்த கணக்கின் குற்றம்.

பிலிம் காலத்திலும் இது இருந்தது. அமெரிக்காவில் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் பெண்ணின் படமே இருந்தது. அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் நன்றாக வந்தால் படம் சரி என்று பொருள். பின்னாளில் பழுப்பு நிற வேறுபாடுகள் பிலிமில் சரியாக வர வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தவர்களில் சாக்லெட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் இருந்தன என்று, இதை ஆராய்ந்த கனடாப் பேராசிரியர் லோர்னா ரோத் 2009இல் எழுதினார். சாக்லெட்டுக்கு இருந்த குரல் கறுத்த முகங்களுக்கு இல்லை. நம் ஸ்டூடியோக்களில் ‘பவுடர் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொன்னதும் அழகுக்கு மட்டும் அன்று, முகத்தில் ஒளி கூடட்டும் என்பதற்காகவும்தான் என்பது என் கணிப்பு.

இன்றைக்கு இது ஆல்பத்தோடு நிற்கும் விஷயம் அன்று. முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் இயந்திரங்கள் வந்துவிட்டன. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த தோல் ஆண்களிடம் தவறு 0.8 விழுக்காட்டுக்கு மேல் போகவில்லை. கறுத்த தோல் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போயிற்று. அவர்கள் வெளியிட்ட பிறகுதான் நிறுவனங்கள் திருத்த முனைந்தன.

கைப்பேசியில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. படம் எடுக்குமுன் திரையில் பிள்ளையின் முகத்தை விரலால் தொடுங்கள். ‘சராசரியை விடு, இந்த இடத்தை வைத்துக் கணக்குப் போடு’ என்று உணரிக்குச் சொல்வதாக அதற்குப் பொருள். சட்டை கொஞ்சம் வெளுக்கும், வெளுக்கட்டும். அதைவிட நல்லது, பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாமல் மரநிழலில் நிறுத்துவது. இப்போதைய கைப்பேசிகள் பல, ஒரே சொடுக்கில் பல படங்களை விரைவாக எடுத்து, சட்டையை ஒன்றிலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் சேர்த்துக்கொள்கின்றன.

அடுத்து, படத்தைக் கூர்மையாக்குவது. இதற்கு ஆசான் ஒரு கடல் பிராணி. கோத்தா திங்கிப் பக்கம் போனவர்கள் பெலாங்காஸ் என்னும் லாட நண்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் இனத்தைச் சேர்ந்த அட்லாண்டிக் கடல் நண்டின் கண்ணை அமெரிக்க அறிஞர் ஹார்ட்லைன் பல ஆண்டு ஆராய்ந்தார். அந்தக் கண் தனித்தனி உறுப்புகளின் கூட்டம். ஓர் உறுப்பின் மேல் ஒளி பட்டால், அது தன் செய்தியை மூளைக்கு அனுப்புவதோடு, பக்கத்து உறுப்புகளின் செய்தியைச் சற்று அடக்கியும் விடுகிறது என்று கண்டார். 1967இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர்.

அடக்குவதால் என்ன பயன்? எண்ணால் பார்ப்போம். ஆறு மங்குகள்: 50, 50, 50, 150, 150, 150. நடுவில் ஒரு விளிம்பு, அதாவது இருட்டுச் சுவரும் வெளிச்சமும் சந்திக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் தன்னையும் இரு பக்கத்தாரையும் சேர்த்துச் சராசரி எடுங்கள்: 50, 50, 83, 117, 150, 150. இது மங்கலான படம். முதல் எண்ணிலிருந்து இதைக் கழித்தால், விளிம்பைத் தவிர எல்லா இடத்திலும் பூச்சியம்; விளிம்பில் மட்டும் ஒரு பக்கம் 33 குறைவு, மறுபக்கம் 33 கூடுதல். அதை முதல் எண்ணோடு சேர்த்தால் 50, 50, 17, 183, 150, 150. இருட்டு விளிம்பில் மேலும் இருண்டது. வெளிச்சம் விளிம்பில் மேலும் வெளுத்தது. கண்ணுக்குப் படம் கூர்மையாகத் தெரியும். கைப்பேசி செய்வது இதுதான். பிலிம் காலத்திலேயே, மங்கலான மறுபடி ஒன்றை மேலே ஒட்டி அச்சிட்டு இதைச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் அப்படி விண்மீன் கூட்டங்களின் மெல்லிய வடிவங்களை வெளிக்கொண்டுவந்தார். 1991இல் கலிபோர்னியாவில் மிஷா மஹோவல்டும் கார்வர் மீடும் கண்ணின் இந்தப் பழக்கத்தை ஒரு சில்லுக்குள்ளேயே கட்டி, அதைச் சிலிக்கன் விழித்திரை என்றார்கள்.

அளவு மீறினால் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். முகத்தின் மணல்புள்ளியும் சேர்ந்து கூராகும். மலிவான காமிராக்கள் இந்தத் தவற்றை நிறையச் செய்கின்றன.

வானத்திலிருந்து எடுக்கும் படத்துக்கு இன்னொரு தொல்லை: காமிரா நிற்பதில்லை. 1988 மார்ச் 17இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஐஆர்எஸ் 1ஏ செயற்கைக்கோளில் ஒரே வரிசையாக 2,048 குழிகள் கொண்ட சிசிடி இருந்தது. ஒரு குழி தரையில் 72.5 மீட்டரைப் பார்த்தது. ஆக 148 கிலோமீட்டர் அகலம். கோள் விநாடிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால், ஒரு வரிக்குக் கிடைத்த நேரம் விநாடியின் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். நம் நாட்டின் தியோங்சாட் 2000 செப்டம்பரில் போயிற்று. மைனாவின் பெயர், ஐம்பது கிலோ எடை. அடுத்து ரசாக்சாட், 2009 ஜூலை 14இல், நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் ஏவப்பட்டது. அது இரண்டரை மீட்டர் அளவைக் காண வேண்டும். அந்த வேகத்தில் ஒரு வரிக்குக் கிடைப்பது ஆயிரத்தில் அரைப் பங்கு விநாடிகூட இல்லை. மங்கில் சொட்டு விழுமுன் மரமே ஓடிப்போன மாதிரி. 2001இல் இந்தியா அனுப்பிய டிஇஎஸ் கோளில் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள்: கோளையே மெல்லப் பின்னோக்கிச் சாய்த்து, ஒரே இடத்தைச் சற்றுக் கூடுதல் நேரம் பார்க்க வைத்தார்கள். ஓடும் ரயிலிலிருந்து வீட்டாரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதுபோல. ரசாக்சாட் ஏறத்தாழ ஓராண்டு வேலை செய்தபின் பழுதாகிவிட்டது.

கடைசியாகப் பழைய படங்களைப் பற்றி. தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, கோயில் இடம் மாறிய குடும்பங்களில் அந்த வாழ்க்கைக்குச் சாட்சியாக நாலைந்து கறுப்பு வெள்ளைப் படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்து, ‘தெளிவாக்கும்’ மென்பொருளில் போடுகிறார்கள். நான் மேலே சொன்ன கழித்தல் கூட்டல் வரை ஆபத்தில்லை. அது படத்தில் உள்ளதைத்தான் எடுத்துக்காட்டும். இப்போது வந்துள்ள சில மென்பொருள்கள் அப்படியல்ல. ஆயிரமாயிரம் வேறு முகங்களைப் பார்த்துப் பழகி, மங்கலான இடத்தில் எது இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. பாட்டியின் கண்ணுக்குப் பதில் யாரோ ஒருத்தியின் கண் வந்து உட்காரும். படம் பளிச்சென்று இருக்கும். பாட்டியைப் பார்த்தவர்கள் இல்லாத தலைமுறைக்கு அதுவே பாட்டியாகிவிடும்.

எனவே பழைய படத்தை எடுக்கும்போது மேசையில் படுக்கவைத்து, சன்னலோரம், மேகம் மூடிய நாளில் எடுங்கள். கண்ணாடிச் சட்டத்திலிருந்து முடிந்தால் கழற்றிவிடுங்கள். விளக்கு மின்னலை அணைத்துவிடுங்கள். ஒன்று சரியாக, ஒன்று சற்று இருட்டாக, ஒன்று சற்று வெளுப்பாக மூன்று எடுத்தால் இன்னும் நல்லது. எதையும் கூராக்காத அந்த முதல் மூன்றையும் தனியே வைத்திருங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும், யாரோ பென்சிலால் எழுதிய ஆண்டும், தோட்டத்தின் டிவிசன் எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.